முதலில் அனுப்பியது யார்?



பேராசிரியர் என்றால் விரிவுரை மண்டபமும் ஆய்வுகூடமும்தான் அவருடைய உலகம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதிலும் கணினித்துறைப் பேராசிரியர் என்றால் கேட்கவே வேண்டாம். எங்களுக்கு விளங்காத எதையோ திரைக்கு முன்னால் இருந்து செய்துகொண்டிருப்பவர்! அவருக்கும், தண்ணீரூற்றில் தையல் இயந்திரத்தோடும் தோட்டத்தோடும் மல்லுக்கட்டும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கக்கூடும். தொடர்பு இருக்கிறது. அது எங்கள் கையிலுள்ள தொலைபேசிக்குள் இருக்கிறது. ஆகவே இம்மாதம் அப்படியான ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பெயர் வீழிநாதன் காமகோடி. வீழிநாதர் என்பது திருவீழிமிழலைச் சிவனுடைய பெயர், தேவாரம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1989இல் தமிழ்நாட்டில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியற் கல்லூரியில் கணினிப் பொறியியல் பட்டம் பெற்றார். மேற்படிப்பையும் கலாநிதிப் பட்டத்தையும் சென்னை ஐ.ஐ.ரி.யில் முடித்தார். 2001இல் அதே நிறுவனத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். 2022 ஜனவரியில் அதன் இயக்குநராக நியமிக்கப்பட்டார்.

அவர் பெயர் வெளியே பரவியது 'சக்தி' என்ற சில்லினால். கணினிக்கும் தொலைபேசிக்கும் மூளைபோல ஒரு சில்லு உண்டு. அதன் வடிவமைப்பு உலகில் ஒருசில கம்பனிகளின் கையிலேயே இருந்து வந்தது. தையல் தெரிந்த உங்களுக்கு இதை இலகுவாகச் சொல்லலாம். சட்டை தைக்கத் துணியும் நூலும் உங்களிடம் இருக்கிறது, ஆனால் வெட்டும் அளவுத்தாள் இன்னொருவரிடம் இருக்கிறது, ஒவ்வொரு சட்டைக்கும் அவருக்குக் காசு கட்டவேண்டும் என்றால் எப்படியிருக்கும்? அமெரிக்காவில் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் சிலர் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஒரு பொதுவான அளவுத்தாளை உருவாக்கத் தொடங்கினார்கள். அதை வைத்துக் காமகோடியும் அவருடைய மாணவர்களும் 'சக்தி'யை வடிவமைத்தார்கள். 2018இல் அந்தச் சில்லு உண்மையாகவே இயங்கியது. தாங்கள் வரைந்ததையும் அவர்கள் பூட்டி வைக்கவில்லை. திறந்தே வைத்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த விடயம்.

பின்னர் அரசாங்கம் அவரைக் கூப்பிடத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவை இந்தியா எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஆராய 2017இல் வர்த்தக அமைச்சு அமைத்த செயலணிக்கு அவரே தலைவர். அறிக்கை 2018இல் வெளிவந்தது. அறிக்கைகள் வரும், போகும். நான் சொல்ல வந்தது 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்ததை.

அதற்கு முன்னர் 2018 மே மாதத்துக்குப் போகவேண்டும். பிள்ளைபிடிகாரர் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்ற பொய்ச் செய்தி அப்போது இந்தியா முழுவதும் வட்ஸ்அப்பில் பறந்துகொண்டிருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போனது, நாங்கள் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போவதுபோலத்தான். வழியில் இறங்கியபோது 65 வயது அம்மா ஒருவர் அங்கு நின்ற சின்னப்பிள்ளைகளுக்குச் சொக்கலேற் கொடுத்தார். அவ்வளவுதான். பிள்ளைபிடிகாரி என்று ஊர் திரண்டு அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். அடித்தவர்களைப் பிடித்தார்கள். ஆனால் அந்தப் பொய்யை முதலில் எழுதி அனுப்பியது யார்?

அதே 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இருவர் மனுக்கொண்டு போனார்கள். இணையத்தில் அவதூறும் தொந்தரவும் பெருகிவிட்டன, ஆகவே சமூக ஊடகக் கணக்குகளை ஆதார் அடையாள எண்ணோடு இணைக்கவேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. ஆதாரை அப்படி எல்லாவற்றோடும் கட்டிவிட முடியாது என்று நீதிமன்றம் அதை விட்டுவிட்டது. ஆனால் வேறொரு கேள்வியைக் கையிலெடுத்தது. ஒரு செய்தியை முதன்முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா, முடியாதா? முடியாது என்றது கம்பனி. முடியும் என்று சொன்னவர் பேராசிரியர் காமகோடி.

இந்த இடத்தில் சற்று நின்று, பூட்டு என்னவென்று பார்ப்போம். செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் வந்த கடிதங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உறை ஒட்டாத தாள். இடையில் நிற்பவர் வாசிக்கலாம் என்று தெரிந்துதான் எழுதுவோம். "நான் சுகம், நீங்கள் சுகமா" என்பதற்கு மேல் பேனை நகராது. 2016 ஏப்ரலிலிருந்து வட்ஸ்அப் செய்திகள் இதற்கு நேர்மாறானவை. உங்கள் தொலைபேசியில் பூட்டப்படும் செய்தி, பெறுபவரின் தொலைபேசியில்தான் திறக்கும். திறப்பு அந்த இரண்டு தொலைபேசிகளுக்குள் மட்டுமே இருக்கிறது. நடுவிலுள்ள கம்பனியாலும் வாசிக்க முடியாது.

காமகோடி சொன்ன வழி, பூட்டை உடைக்கச் சொல்லவில்லை. கடிதம் ஒட்டியபடியே இருக்கட்டும், ஆனால் முதலில் எழுதியவரின் இலக்கத்தை அதோடு சேர்த்து அனுப்புங்கள் என்றார். கடிதம் பத்துக் கை மாறினாலும் அந்த இலக்கமும் கூடவே போகும். பெறுபவர் எல்லோரும் அதைப் பார்ப்பது ஒரு முறை. அது சரியில்லை என்றால், அந்த இலக்கத்தையும் ஒரு சிறு பெட்டியில் பூட்டி, அதன் திறப்பைக் கம்பனி வைத்திருக்கட்டும், நீதிமன்றம் கேட்டால் மட்டும் திறக்கட்டும் என்பது இன்னொரு முறை.

அவர் சொன்னதில் என்னை நிற்கவைத்தது வேறொன்று. செய்தியை அனுப்புபவர், இதை நீ வேறு ஒருவருக்கும் அனுப்பக்கூடாது என்று குறித்து அனுப்ப வசதி வேண்டும் என்றார். அதை மீறி ஒருவர் பரப்பினால், பரப்பியவரே முதல் அனுப்பியவராகக் கணிக்கப்படவேண்டும். நினைத்துப் பாருங்கள் சகோதரிகளே! கலியாணம் பேசியவனுக்கு ஒரு பெண் நம்பி அனுப்பிய படம் ஊரெல்லாம் போனால், "நீ ஏன் அனுப்பினாய்?" என்று அவளைத்தான் கேட்கிறது எங்கள் சமூகம். பரப்பியவனே பொறுப்பு என்று ஒரு கணினிப் பேராசிரியர் நீதிமன்றத்தில் சொன்னது சின்னக் காரியமல்ல.

போன வருடம் எங்கள் நிலையத்துக்கு ஒரு பிள்ளை வந்தாள். உயர்தரம் எழுதிவிட்டு இருப்பவள். அவளுடைய முகத்தை வெட்டி வேறொரு உடம்பில் ஒட்டிய படம் ஒன்று பரவிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது மைத்துனியின் தொலைபேசியில் வந்தது, மைத்துனிக்கு வேலைத்தலத்துக் குழுவில் வந்தது, அந்தக் குழுவுக்கு எங்கிருந்து வந்ததென்று ஒருவருக்கும் தெரியாது. முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில், முதலில் அனுப்பியவனின் இலக்கத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, அதைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ எண்டுதானே நான் அங்கை போனனான்? அவை அதையே என்னட்டைக் கேக்கினம்" என்றாள்.

அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவுதான் காமகோடியின் யோசனையைத் தேடி முழுதாகப் படித்தேன். இதைச் செய்தால் என்ன, ஏன் தடுக்கிறார்கள் என்று கோபம்கூட வந்தது.

தடுத்தவரும் ஒரு கணினிப் பேராசிரியர்தான். பம்பாய் ஐ.ஐ.ரி.யைச் சேர்ந்த மனோஜ் பிரபாகரன். பூட்டுக்கலையே அவருடைய துறை. இணையச் சுதந்திரத்துக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பு அவருடைய கருத்தை நீதிமன்றத்தில் முன்வைத்தது. அவர் கேட்டது மிக எளிமையான கேள்வி. கடிதத்தில் அந்த இலக்கத்தை எழுதப்போவது யார்? அனுப்புபவரின் தொலைபேசியிலுள்ள செயலிதான். செயலியை மாற்றியமைக்கத் தெரிந்த ஒருவன் தன் இலக்கத்துக்குப் பதிலாக வேறொருவரின் இலக்கத்தைப் போட்டுவிட்டால்? வெளிநாட்டு இலக்கம் ஒன்றை எடுத்து வைத்திருந்தால்? கெட்டிக்காரக் குற்றவாளி தப்பிவிடுவான், ஒன்றும் அறியாத சாதாரண ஆள் மாட்டுப்படுவார் என்பது அவர் வாதம். கண்டுபிடிப்பதற்கென்று செய்த வழியே ஆளை மாட்டிவைக்கும் வழியாகிவிடும்.

இதை வாசித்தபோது எனக்கு அந்தப் பிள்ளை மட்டும் நினைவுக்கு வரவில்லை. முல்லைத்தீவில் 2017 மார்ச் 8ஆம் திகதி தொடங்கிய கொட்டகையில், காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனின் படத்தோடு இருந்த ஓர் அம்மாவும் வந்தார். அவருடைய தொலைபேசி பழசு, திரையில் கீறல். அதற்குள் மகனின் படங்கள், சட்டத்தரணி அனுப்பிய தாள்கள், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கும் மற்ற அம்மாக்களின் குரல் செய்திகள் எல்லாம் இருக்கின்றன. நாளைக்கு எங்கே கூடுவது என்று எழுதும் முதல் ஆள் பெரும்பாலும் அவர்தான். முதல் அனுப்பியவரைக் காட்டு என்று ஒரு கட்டளை வந்தால், காட்டப்படப்போவது அவருடைய இலக்கமல்லவா? "எங்கட கதை எங்களோடை இருக்கவேணும் பிள்ளை" என்று ஒருமுறை அவர் என்னிடம் சொன்னது வேறு எதற்காகவோ. ஆனால் இதற்கும் பொருந்துகிறது.

படம் பரவிய பிள்ளைக்குப் பூட்டுத் திறக்கவேண்டும். கொட்டகை அம்மாவுக்குப் பூட்டு இருக்கவேண்டும். இருவரும் ஒரே பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறார்கள், இருவரிடமும் இருப்பது ஒரே செயலி. வற்றாப்பளையில் இருப்பவள் வழக்குரைத்த கதை உங்களுக்குத் தெரியும். உள்ளே இருப்பது மாணிக்கமா முத்தா என்று காட்டச் சிலம்பை உடைக்கவேண்டியிருந்தது. ஆனால் அவள் உடைத்தது தன்னுடைய சிலம்பை. ஊரிலுள்ள பெண்கள் எல்லோருடைய சிலம்பையும் அல்ல.

வழக்கு என்னவாயிற்று? 2019 ஒக்ரோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் அதைத் தன்னிடம் எடுத்துக்கொண்டது. அங்கே தீர்ப்பு வருவதற்கு முன்னரே, 2021 பெப்ரவரி 25ஆம் திகதி இந்திய அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது. 50 இலட்சத்துக்கு மேற்பட்ட பாவனையாளர்களைக் கொண்ட செய்திச் செயலிகள், உரிய கட்டளை வந்தால் முதல் அனுப்பியவரை அடையாளம் காட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அந்த விதி. எந்தக் குற்றங்களுக்கு என்ற பட்டியலில் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்பவற்றோடு பாலியல் வன்முறையும் ஆபாசப் படங்களும் சிறுவர் துஷ்பிரயோகமும் இருக்கின்றன. பெண்ணின் மானத்தையும் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டால், பிறகு பையைத் தூக்க வேண்டாம் என்று யார் சொல்லமுடியும்? இது இந்தியாவில் மட்டும் நடக்கும் வேலையல்ல. 2021 மே மாதம் வட்ஸ்அப் கம்பனி டில்லி உயர் நீதிமன்றத்தில் அந்த விதிக்கு எதிராக வழக்குப் போட்டது. பூட்டை உடைக்கச் சொன்னால் நாட்டைவிட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் சட்டத்தரணி நீதிமன்றத்தில் சொன்னார்.

இதற்கிடையில் பூட்டைத் தொடாமலே செய்யக்கூடியவை சிலவும் நடந்தன. 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரேநேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் கடத்த முடியாதென்று கட்டுப்படுத்தினார்கள். 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்குமானது. பல கை மாறிய செய்தியை ஒரு தடவையில் ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கினார்கள். உங்கள் தொலைபேசியில் சில செய்திகளின் மேலே இரட்டை அம்புக்குறி தெரிவது இதற்காகத்தான். அதைக் கண்டால் பலர் கைபட்டு வந்த செய்தி என்று அறிந்துகொள்ளுங்கள்.

காமகோடி சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். 2025 ஜனவரியில் மாட்டுப்பொங்கல் அன்று சென்னையில் ஒரு கோசாலை நிகழ்ச்சியில் அவர் கோசலத்தின் மருத்துவக் குணங்களைப் புகழ்ந்து பேசினார். அந்தக் காணொளி நாடெங்கும் பரவிப் பெரிய கண்டனம் எழுந்தது. அதற்கு ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன என்று அவர் பதில் சொன்னார். சில்லைப் பற்றி அவர் பேசும்போது இருக்கும் பலம் அந்தப் பேச்சில் எனக்குத் தெரியவில்லை. அறிவாளி ஒருவர் பொதுவெளிக்கு வந்தால் அவருடைய துறை எது, துறைக்கு வெளியே எது என்று நாங்கள்தான் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்று. சட்டம் வருவதற்கு முன்னால் ஒரு பேராசிரியர் முடியும் என்று எழுத்தில் கொடுத்தார், இன்னொரு பேராசிரியர் இப்படிச் செய்தால் இன்னது நடக்கும் என்று எழுத்தில் மறுத்தார், இரண்டையும் யாரும் படிக்கலாம். எங்கள் நாட்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2024 ஜனவரி 24ஆம் திகதி பாராளுமன்றத்தில் 108க்கு 62 என்ற வாக்கில் நிறைவேறியது. பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகர் கையொப்பமிட்டார். பெண்களையும் பிள்ளைகளையும் பாதுகாக்கவே இச்சட்டம் என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள். எது பொய், எது உண்மை என்று பார்க்க ஐவரைக் கொண்ட ஆணைக்குழுவாம். எங்கள் ஊரில் அதைப்பற்றி யாராவது எங்களிடம் கேட்டார்களா? யாழ்ப்பாணத்தில் கணினித்துறை இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அங்கே படிப்பிப்பவர்கள் ஒரு சனிக்கிழமை முள்ளியவளைக்கு வந்து எங்களோடு இருந்து பேசினால், பாய் விரித்துத் தேநீர் கொடுக்க நாங்கள் ஆயத்தம்.

பெண் பேராசிரியர் ஒருவரையும் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்காவில் லத்தான்யா ஸ்வீனி என்ற கறுப்பினப் பெண். 1990களின் நடுப்பகுதியில், அவர் மாணவியாக இருந்தபோது, மாசச்சூசெற்ஸ் மாநிலம் அரச ஊழியர்களின் வைத்தியசாலைப் பதிவுகளைப் பெயரை நீக்கிவிட்டு ஆய்வுக்குக் கொடுத்தது. பெயர் இல்லை, ஆகவே பயமில்லை என்றார்கள். ஸ்வீனி 20 டொலர் கொடுத்துக் கேம்பிரிட்ஜ் நகரத்தின் வாக்காளர் இடாப்பை வாங்கினார். இரண்டையும் ஒப்பிட்டார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட்டின் பிறந்த திகதி அந்த நகரத்தில் ஆறு பேருக்கு இருந்தது. அதில் ஆண்கள் மூவர். அவருடைய தபாற் குறியீட்டில் இருந்தவர் ஒருவர் மட்டுமே. அப்படியே ஆளுநரின் நோய் விபரங்கள் முழுவதும் வெளியே வந்துவிட்டன! பிறந்த திகதி, பால், தபாற் குறியீடு என்ற மூன்றும் தெரிந்தால் அமெரிக்கர்களில் 87 வீதமானோரைத் தனியாக அடையாளம் காணலாம் என்று பின்னர் கணக்கிட்டுக் காட்டினார். அந்நாட்டின் மருத்துவ இரகசியச் சட்டவிதிகளை எழுதும்போது அவருடைய வேலையையும் கவனத்தில் எடுத்தார்கள். 2001இல் எம்.ஐ.ரி.யில் கணினி விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். 2014இல் அரசின் வர்த்தக ஆணைக்குழுவில் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். 2009க்குப் பிறகு நாங்கள் நிரப்பிய படிவங்கள் எத்தனை! முகாமில் ஒன்று, மீள்குடியேற்றத்தில் ஒன்று, வீட்டுத்திட்டத்துக்கு ஒன்று, கோழிக்குஞ்சுக்கு ஒன்று. பெண் தலைமைக் குடும்பம், பிறந்த திகதி, கிராம அலுவலர் பிரிவு, கணவர் காணாமல் போன ஆண்டு. பெயரை எடுத்துவிட்டோம் என்று சொல்லி அந்தப் பட்டியலை யாருக்குக் கொடுத்தாலும், தண்ணீரூற்றில் பிறந்து வளர்ந்த ஒருவர் அதைப் பார்த்த உடனேயே இது இன்னார் என்று விரல் வைத்துவிடுவார். கணினிகூடத் தேவையில்லை. இனிமேல் படிவத்தோடு யாராவது வந்தால், இது எங்கே போகும், யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டிலும் இருக்கிறது.

படம் பரவிய அந்தப் பிள்ளைக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான். வெட்கத்தில் அவள் அழித்துவிட நினைத்த செய்தியை அழிக்கவிடவில்லை. வந்த திகதி, நேரம், அனுப்பிய இலக்கம், குழுவின் பெயர் எல்லாம் தெரியத்தக்கதாகத் திரையைப் படமெடுத்து வைத்தோம். மைத்துனியிடமும் அப்படியே எடுத்தோம். அந்தப் படத்தை வேறு ஒருவருக்கும், உதவிக்காகக்கூட, அனுப்பவேண்டாம் என்றோம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைத்தோம். மீண்டும் முறைப்பாட்டுக்குப் போனபோது நான் கூடப் போனேன், கணினிக் குற்றங்கள் சட்டம் 2007ஆம் ஆண்டிலேயே வந்தது என்று சொன்னேன். பதிந்து, பிரதியும் தந்தார்கள். கை கையாகப் பின்னுக்குத் தேடிப் போனதில் நான்கு இலக்கங்கள் வரை போக முடிந்தது. ஐந்தாவது ஆள், தனக்கு யார் அனுப்பியதென்று ஞாபகமில்லை என்கிறார். விசாரணை நடக்கிறது. பிள்ளை இப்போது முள்ளியவளையில் கணினி வகுப்புக்குப் போகிறாள்.